சோடியத்துக்கு என்னங்க சந்தோஷம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் உங்க பேப்பர் மாணவர் பக்கத்துல அயனிப் பிணைப்புன்னு ஒரு படம் போட்டிருந்தீங்க, சோடியம் சிரிச்சுகிட்டே ஒரு எலக்ட்ரானை நீட்டுது, குளோரின் ரெண்டு கையையும் ஏந்தி வாங்குது, கீழ ரெண்டு பேருக்கும் சந்தோஷம்னு ஒரு வரி வேற. பத்தாவது படிக்கிற என் பேத்தி அதை வெட்டி நோட்டுல ஒட்டிட்டா, அதனாலதான் இந்த லெட்டர், இல்லைன்னா பேசாம விட்டிருப்பேன்.

எலக்ட்ரானுங்க கூட்டுக்குக் கூடு சோடியத்துல 2,8,1, குளோரின்ல 2,8,7, ஒண்ணு கைமாறுனா ரெண்டுக்கும் வெளிக்கூட்டுல எட்டு. சரி, 1916லயே கோசல்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி சொன்னதுதான். ஆனா தனியா நிக்கிற சோடியம்கிட்ட எலக்ட்ரானை பிடுங்க மோலுக்கு (அணுவை எண்ணுற ஒரு அளவு அது) 496 கிலோஜூல் செலவாகுது, குளோரின் வாங்கிக்கிறப்ப திரும்பி வர்றது 349தான். 147 கைநட்டம்ங்க, எங்க சேலம் செவ்வாப்பேட்டை கடைவீதில எவனாவது இந்த வியாபாரம் பண்ணுவானா? நட்டம் அடைபடுறது அதுக்கப்புறம்தான், ப்ளஸ் ஆன சோடியமும் மைனஸ் ஆன குளோரினும் (இப்படி சார்ஜ் ஏறுன அணுதான் அயனி) ஒண்ணையொண்ணு இழுத்து, ஒவ்வொண்ணையும் சுத்தி எதிர் சார்ஜ்காரங்க ஆறு பேர், மேல கீழ முன்ன பின்ன ரெண்டு பக்கமும்னு அடுக்கி நிக்கிறப்ப 787 கிலோஜூல் வெளிய வருது. அந்த இழுப்புக்குப் பேர்தான் பிணைப்பு. இதுல யாரு யாருக்கு ஜோடின்னு கேட்டா பதிலே கிடையாது. 1913ல பிராக்னு விஞ்ஞானிங்க அப்பாவும் பையனும் எக்ஸ்ரே வெச்சு உப்புக்குள்ள பார்த்து சொன்னது இதைத்தான், அதை ஜீரணிக்க முடியாம ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு பெரிய கெமிஸ்ட் 1927ல நேச்சர் பத்திரிகைக்கு கோவமா லெட்டரே போட்டாரு, அவரே சறுக்குன இடம், உங்க படம் வரையறவரை என்ன சொல்ல.

பேத்திகிட்ட வாயால சொன்னா ஏறல. கல்லுப்பு டப்பாவுல பெரிய கல்லா ஒண்ணு பொறுக்கி அம்மிக்கல்லு மேல வெச்சு குழவியால லேசா தட்டச் சொன்னேன், பட்டுனு தெறிச்சது, ஒரு துண்டை லைட்ல திருப்பிப் பார்த்தா ஓரம் கத்தி வெச்சு அறுத்த மாதிரி நேரா இருக்கு. தட்டுன தட்டுல ஒரு வரிசை கொஞ்சம் நகந்து ப்ளஸ்ஸுக்கு எதிர்ல ப்ளஸ் வந்துட்டா ஒண்ணையொண்ணு தள்ளாம என்ன பண்ணும்? அப்பத்தான் அவ நிமிந்து பார்த்தா.

இன்னொண்ணு. நான் மாமாங்கம் பக்கம் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட் கல்லு சுடுற சூளைல வருஷக்கணக்கா வேலை பார்த்தவன், ஏற்காடு அடிவாரத்துல ஓமலூர் ரோட்டு பஸ்ல போனா வெள்ளையா தெரியுதே அந்தக் கல்லுதான். உப்பு 801 டிகிரில உருகிடும், இந்தக் கல்லை சுட்டு எடுக்கிற மெக்னீசியம் ஆக்சைடு 2852 வரைக்கும் தாங்கும், அதனாலதான் இரும்பு உருக்குற ஃபர்னஸ் உள்பக்கம் கட்டுற செங்கல்லுக்குப் போகுது. இங்க ரெண்டு ரெண்டு எலக்ட்ரான் கணக்கு, 2க்கு 2ன்னு சார்ஜ் பெருக்குனா இழுப்பு நாலு மடங்கு, அயனியும் சின்னதா இருக்கிறதால இன்னும் நெருங்கி நிக்கும். ஆக்சிஜன் ரெண்டாவது எலக்ட்ரானை தானா வாங்கவும் வாங்காது, ஏற்கனவே மைனஸ் ஆனதுகிட்ட இன்னொரு மைனஸை திணிக்கணும், அந்த செலவையும் அடுக்குதான் கட்டுது. சூளைல எலக்ட்ரான் கைமாறுதுன்னு மட்டும் எழுதிடாதீங்க, கல்லுக்குள்ள மெக்னீசியம் முன்னாடியே அயனியாத்தான் இருக்கு, நாங்க சுட்டு விரட்டுனது கார்பன் டை ஆக்சைடை. கைமாறுறதைப் பார்க்கணும்னா ஸ்கூல் லேப்ல மெக்னீசியம் ரிப்பன் கண்ணு கூசுற மாதிரி எரியுமே, அங்க.

அடுத்த வாரமே அந்தப் படத்தை திருத்திப் போட்டா நல்லதுங்க, பேத்திக்கு அரையாண்டுத் தேர்வு வருது. மாடலுக்கு வெள்ளக்கல்லு வேணும்னா சொல்லி அனுப்புங்க, எங்க வாசல்ல ரெண்டு கிடக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சூளைத் தொழிலாளி,
மாமாங்கம், சேலம்