செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வயதுவந்தோர் எழுத்தறிவு மையத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளைக் கற்போரே முன்னின்று நடத்தினார்கள். பாடநூல்கள் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தன.

இனி, கற்போருக்குத் தேர்வு நடத்துபவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும் கொடுத்த பயிற்சி. இதற்குப் போய் இத்தனை நாளா என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மையத்து அம்மா ஒருவர் சேர்ந்தபோது எழுதிய முன்தேர்வில் 31 வாங்கினார். ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் வந்து படித்தார். பின்தேர்வில் 27. "எனக்கு இது ஏறாதுங்க" என்று நோட்டை மூடி வைத்துவிட்டார். தேர்வு நடத்திய இருவரிடமும் தனித்தனியே விசாரித்தேன். முதலாமவர் இரக்கப்பட்டுக் கேள்விகளை விளக்கிச் சொல்லியிருக்கிறார், நேரமும் கூட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டாமவர் கையேட்டில் உள்ளபடி நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிட்டார். அந்த அம்மாவிடம் போய், தவறு எங்களுடையது என்று சொன்னேன். அதன் பிறகுதான் பயிற்சியைக் கையில் எடுத்தேன்.

அறிவுரையை வரி மாறாமல் வாசிப்பது, கடிகாரம் பார்த்து நேரம் தருவது, கேள்விகள் நினைவில் இருந்தால் மதிப்பெண் ஏறிவிடும் என்பதால் பின்தேர்வுக்கு வேறு வினாத்தாள் கொடுப்பது, இதெல்லாம் சொன்னவுடன் புரிந்தது. செய்யும்போதுதான் சிக்கல். மூன்று மூன்று பேராக உட்கார்ந்தோம்: ஒருவர் நடத்துநர், ஒருவர் கற்பவர், மூன்றாமவர் கவனிப்பவர். 'புகார்' என்ற சொல்லில் கற்பவர் தடுமாறியபோது, நெடுநாள் அனுபவமுள்ள நம் பயிற்றுநரின் உதடு 'பு' என்று குவிந்துவிட்டது. கவனித்தவர் சொல்லும்வரை அது அவருக்கே தெரியாது. வகுப்பில் அது நல்ல ஆசிரியரின் குணம். தேர்வில் அதுவே விடை சொல்லிக்கொடுப்பது ஆகிவிடும். இன்னொருவர் சரியான விடைக்கு மட்டும் "சரி" என்பார், தவறுக்குப் பேசாமல் இருப்பார். இரண்டு கேள்வி கழிந்ததும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

திருத்துவதில் இன்னும் வேறுபாடு. ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். பத்துக்கு 4 போட்டவரும் உண்டு, 8 போட்டவரும் உண்டு. ல, ள மாறியதற்கு ஒருவர் ஒவ்வொரு இடத்திலும் குறைத்திருந்தார். விடைக்குறிப்பை வரிவரியாகப் பேசி முடித்த பிறகு, அடுத்த கடிதத்தில் பெரும்பாலோர் ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குள் வந்தார்கள். திருத்தும் இருவர் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்க 1960-இல் உளவியலாளர் ஜேக்கப் கோயன் தந்த கப்பா என்ற அளவு இருக்கிறது. நமக்கு இந்த எளிய ஒப்பீடே போதும் என்று விட்டேன். பல நாடுகளில் நடக்கும் வயதுவந்தோர் திறன் ஆய்வில், வீடுவீடாகப் போகும் நேர்காணலர்களுக்கே பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நமக்கு மட்டும் எதற்கு என்று கேட்பது நியாயமில்லை.

வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் பயிற்சியிலும் பாதி நாற்காலிகள் காலி. வராதவர்களில் சிலர் தேர்வன்று நேரே வந்து வினாத்தாள் கட்டைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அவர்களுக்கு மனத்தாங்கல் இருப்பது தெரியும். பழகியவர்கள்தான், உழைத்தவர்கள்தான். ஆனால் பயிற்சி பெறாதவர் தேர்வு நடத்தக் கூடாது என்பதில் நான் மாறமாட்டேன். சந்தா பாக்கியும் பெரும்பாலும் அதே பெயர்களில்தான் நிற்கிறது. பயிற்சித் தாள்களின் நகல் செலவைச் சில உறுப்பினர்கள் கைக்காசு போட்டுச் சமாளித்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது, கையிருப்பு குறைவு என்ற அளவில் சொல்லிவிடுகிறேன்.

இடம் தந்தவர்களுக்கும், நாள் தவறாமல் வந்த தன்னார்வலர்களுக்கும், தலைவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

ஒருமுறை பழகியது போதாது. நாளாக நாளாக அவரவர் பழைய வழக்கம் திரும்பிவிடும், ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் மறுபயிற்சி வேண்டும். அதை வரும் ஆண்டும் தனியாளாக நடத்த என்னால் முடியுமா என்பது சந்தேகம்தான். கூட இருவர் நின்றால் முடியும். அந்த அம்மா மறுபடி வகுப்புக்கு வருகிறார். அவருடைய அடுத்த தேர்வுக்கு முன்பாகவே மறுபயிற்சி வைக்க வேண்டும். பெயர் எழுதும் தாளை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.