மிதித்து வீட்டைச் சூடாக்கலாமா? பெடல் ஜெனரேட்டர் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெடல் ஜெனரேட்டர் செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கருவி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை மிதித்து போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம், எல்இடி விளக்கு எரிக்கலாம், சின்ன மடிக்கணினியைக்கூட ஓட்டலாம். இதைச் சொல்லி நீங்கள் விற்றால் இந்த மடலுக்கே வேலை இல்லை. ஆனால் குளிர்காலம் நெருங்கினால் போதும், வீட்டை நீங்களே மிதித்துச் சூடாக்கிக்கொள்ளலாம் என்கிற ரீதியில் விளம்பரம் கிளம்பிவிடுகிறது. ஒருவர் சிரித்துக்கொண்டே மிதிக்கிறார், பக்கத்தில் ஹீட்டர் செக்கச்செவேல் என்று தகதகக்கிறது. அதன் ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்பது மட்டும் படத்தில் தெரிவதே இல்லை.

கணக்குக்கு வருவோம். அறை ஹீட்டர் சாதாரணமாக 1,000 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். திடமான உடம்புள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் பெடலில் கிடைப்பது சுமார் 100 வாட். உச்சத்தில் இருக்கும் பந்தய வீரர்கள் அதே ஒரு மணி நேரத்துக்கு 400 வாட் அளவுக்குத் தாக்குப்பிடிப்பார்கள். உங்கள் கருவியை வாங்குகிறவர்கள் அவர்கள் அல்ல. அந்த 100 வாட்டும் பெல்ட், டைனமோ, பேட்டரி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் கப்பம் கட்டிவிட்டு வெளியே வரும்போது 60 வாட் மிஞ்சினாலே பெரிது. அந்த வேகத்தில் 1,500 வாட் ஹீட்டரை ஒரே ஒரு மணி நேரம் எரிக்க 25 மணி நேரம் மிதிக்க வேண்டும்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சொல்ல வந்ததே இதற்கு அடுத்த விஷயம்.

நம் தசைகள் சாப்பாட்டில் உள்ள ஆற்றலில் மிஞ்சிப்போனால் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி முக்கால் பங்கும் உடம்புச் சூடு. பெடலுக்கு 100 வாட் போகிறது என்றால் உடம்பிலிருந்து 300 வாட்டுக்கு மேல் அறைக்குப் போகிறது. ஆக அந்த அறையில் உண்மையான ஹீட்டர் மிதிக்கிற ஆள்தான். பெல்ட் உரசுவதும், டைனமோ சுடுவதும், இன்வெர்ட்டர் வெதுவெதுப்பாவதும் அதே அறைக்குள்தானே? அதனால் டைனமோவைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டை உரசுகிற பழைய உடற்பயிற்சி சைக்கிளை அதே வேகத்தில் மிதித்தாலும் அறைக்குக் கிடைக்கும் வெப்பம் அதேதான். சூட்டுக்காக வாங்குகிறவருக்கு நீங்கள் விற்கும் ஜெனரேட்டர் ஒரு வாட் கூடக் கூட்டித் தருவதில்லை. என் வருத்தம் இதுதான்.

பெடலின் 100, உடம்பின் 300 என்று சேர்ந்த அந்த 400 வாட்டும் முழுசாக நிற்பதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு சுமார் 100 வாட் விடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வியர்வை. குளிர்நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் மிதித்துப் பாருங்கள். முதலில் ஜன்னல் கண்ணாடியின் ஓரங்கள் மங்கும், பிறகு முழுக்கப் பூத்துப்போகும், அதன் பிறகு முத்து முத்தாகத் திரண்டு கோடு கோடாக வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கும். வியர்வையோடு ஆவியாகப் போன சூடு கண்ணாடியில் இறங்கி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மூச்சு முட்டுகிறதே என்று ஜன்னலைத் திறந்தால் மிச்சமும் போச்சு. இறங்கி உட்கார்ந்ததும் நனைந்த சட்டை முதுகில் சில்லிடும், அது தனிக் கதை.

மிதித்துச் சூடேற்றுவது நஷ்டம் என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1798இல் விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு, ஜெர்மனியின் மியூனிக்கில் செய்த பீரங்கி குடையும் சோதனையை வெளியிட்டார். குதிரையைக் கட்டி பீரங்கி உலோகத்தைச் சுழலவிட்டு, குடையும் கருவி அதில் உரசும் சூட்டிலேயே இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். நெருப்பில்லாமல் கொதித்த நீரைப் பார்த்து நின்றவர்கள் வியந்துபோனார்கள். ஆனால் அந்த மனிதர் கையோடு ஒன்றையும் எழுதி வைத்தார்: சூடுதான் வேண்டும் என்றால் குதிரைக்குப் போடும் தீனியை எரித்தால் இதைவிட அதிகம் கிடைக்கும். மனிதத் தீனி இன்னும் விலை கூடியது. ஒரு மணி நேர மிதிப்புக்குச் சுமார் 350 கிலோகலோரி செலவாகிறது. அவ்வளவும் சேர்ந்து அரை யூனிட் மின்சாரத்துக்குக்கூட வராது.

அப்படியானால் மனித உடம்பால் வீடு சூடாகவே ஆகாதா? ஆகும், வீடு அதற்கேற்றபடி இருந்தால். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸ் (சூடு வெளியே கசியாதபடி கட்டிய வீடு) வழியாக வந்த தரப்படி, கடுங்குளிரிலும் ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட் சூடு போதும். 20 சதுர மீட்டர் அறைக்கு 200 வாட். அங்கே ஒருவர் மிதித்தால் மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்டாக்ஹோம் மத்திய ரயில் நிலையத்தில் பயணிகளின் உடம்புச் சூட்டைக் காற்றோட்டக் குழாய்கள் வழியே பிடித்து, பக்கத்து அலுவலகக் கட்டிடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே யாரும் மிதிக்கவில்லை, நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். கதவிடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையும் சுவருக்குள் வைக்கும் வெப்பக் காப்பும் விற்றால் உங்கள் வாடிக்கையாளருக்கு நிஜமாகவே குளிர் குறையும்.

ஜெனரேட்டரையே விற்க வேண்டுமா? சரி, அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள். ஒரு மணி நேரம் மிதித்து பேட்டரியில் சேர்த்தது, பிறகு படிக்க உட்காரும்போது காலடியில் போடும் 50 வாட் சூட்டு விரிப்பை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டும். இதை விளம்பரத்தில் போடுங்கள், நானே நாலு பேருக்குச் சொல்கிறேன்.

பெட்டி மேல் 500 வாட் என்று அச்சடிப்பதையும் நிறுத்துங்கள். அது டைனமோ தாங்கும் அளவு, கால் தரும் அளவு அல்ல. பழக்கமில்லாத ஒருவரை ஒரு மணி நேரம் மிதிக்க வைத்து, வெளியே வரும் பிளக்கில் மீட்டர் மாட்டி அளந்து, வந்த எண்ணை அப்படியே போடுங்கள். அது 45 என்று வந்தாலும் சரி.

இப்படிக்கு,
மிதிக்கப் பிடிக்கும் ஒரு வாடிக்கையாளர்