கரையில் நின்றது போதும், சரோஜா

காவேரிப்பட்டணம்
மார்ச் 2

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. நான் அண்ணன் என்று கூப்பிடும் உன் வீட்டுக்காரர் மூட்டு வலி குறைந்து பென்னாகரம் சந்தை வரை நடந்தே போய் வருகிறார் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே மாவில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துவிட்டது. கிளிமூக்கு மரங்கள் மட்டும் இந்த வருடம் கொஞ்சம் பின்தங்கி நிற்கின்றன. தோப்புக் கதை இருக்கட்டும், நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

"மகன் அந்தமானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். ஐந்து நாட்கள் அங்கே எனக்கு என்ன வேலை? பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுவார்கள், நானும் அவரும் கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் வகுப்பில் ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா போனோமே, நினைவிருக்கிறதா? பையன்களை எல்லாம் பரிசலில் ஏற்றினார்கள். நம்மைப் பாறையில் உட்கார வைத்து, சாப்பாட்டு மூட்டைகளைக் காவல் காக்கச் சொன்னார்கள். பரிசல் சுற்றிச் சுற்றி அருவிச் சாரலுக்குள் போனதை நீயும் நானும் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. இத்தனை வருடம் கழித்து, யாரும் சொல்லாமலே, நீயாகவே பை காக்கக் கிளம்புகிறாய். வேண்டாம் சரோஜா. இந்த முறை தண்ணீருக்குள் இறங்கு. இந்தக் கடிதத்தை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தமானில் நாங்கள் போய் வந்த ஹேவ்லாக் தீவில் எலிஃபன்ட் பீச் என்று ஓர் இடம். 2018-ல் தீவுக்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் படகுத்துறையில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். துறையிலிருந்து சின்னப் படகில் போக வேண்டும். கரையில் வேரோடு சாய்ந்த பெரிய மரங்கள் வெளுத்துக் கிடக்கின்றன, 2004 சுனாமி விட்டுப்போனவை. அங்கேதான் ஸ்நார்க்கெலிங் செய்தேன். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், உடம்பில் லைஃப் ஜாக்கெட். அவ்வளவுதான். நீச்சல் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், கூட வரும் பையன் இழுத்துப் போகிறான்.

முதல் இரண்டு நிமிடம் பயந்துவிட்டேன். மூக்கு அடைபட்டதும் நெஞ்சு படபடத்தது, உப்புத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்தேன். எழுந்து நின்று, போதும், போய்விடலாம் என்றேன். அந்தப் பையன் தமிழ்ப் பையன், தாத்தா காலத்தில் அங்கே குடியேறிய குடும்பமாம். "மூச்சை மெதுவாக விடுங்கள் அம்மா, இழுப்பது தானாக நடக்கும்" என்றான். எனக்குச் சட்டென்று எங்கள் கிணறு நினைவுக்கு வந்தது. ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா என்னைத் தண்ணீரில் தள்ளியபோது அவரும் இதையேதான் சொன்னார். மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தினேன் சரோஜா. "பவளப்பாறைத் திட்டுகள் மூன்று வகைப்படும், அந்தமானில் இருப்பவை கரையோரத் திட்டுகள், லட்சத்தீவில் இருப்பவை வட்டத் திட்டுகள்" என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். நான் வரைந்தது சாக்பீஸ் கோடு. கீழே இருந்தது உயிர். மான் கொம்பு போலக் கிளை விட்டவை, மூளை போல வரிவரியாகச் சுருண்டவை, தாம்பாளம் போல விரிந்தவை. பூப்போல விரியும் கடல் உயிரான கடற்சாமந்தியின் கொடிகளுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன் ஒன்று, தன் வீட்டு வாசலைக் காக்கிற மாதிரி, என் கண்ணாடி வரை வந்து முறைத்துவிட்டுத் திரும்பிப் போனது. என் கட்டை விரல் அளவுதான் இருக்கும்.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. கரும்பைக் கடிக்கிற மாதிரி கறுக் கறுக்கென்று. பச்சையும் நீலமுமாக ஒரு மீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கிளிமீன். அதன் வாய் நம் கிளிமூக்கு மாங்காயின் நுனி மாதிரியே வளைந்திருக்கிறது. பாறையோடு சேர்த்துப் பாசியைத் தின்று, பாறைப் பொடியை வெள்ளை மணலாக வெளியே விடுகிறது. நாம் காலை வைத்து நடக்கிற அந்தத் தீவுக் கடற்கரை மணலில் கணிசமான பங்கு இந்த மீன்கள் அரைத்துக் கொடுத்தது. பாடப்புத்தகத்தில் இது இல்லை. இருந்திருந்தால் என் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

நடுவில் சில இடங்களில் பவளம் செத்துச் சாம்பல் நிறமாகக் கிடந்தது. பவள உயிருக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் சோறும் தருகிறது. தண்ணீர் அளவு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகிறது, சூடு நீடித்தால் பட்டினியால் சாகிறது. 2010-ல் அந்தமானில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. அதைத் தாங்கி உயிரோடு நிற்பவற்றின் மேல் நம் கால் படக் கூடாது. பேரனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வை. இன்னொன்று, சங்கு, பவளத்துண்டு எதையும் பையில் போட விடாதே. பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, விமான நிலையத்தில் சோதித்து எடுத்துவிடுவார்கள். பிள்ளை அழுவான்.

புடவையோடு இறங்க முடியாது என்பதுதான் உனக்கு முதல் தயக்கமாக இருக்கும். நான் முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டேன், அறுபது வயதுக்கு மேல் முதல் முறையாக. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீயும் இரண்டு தைத்துக்கொள், துணி கனமில்லாததாக இருக்கட்டும்.

காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் முங்கும் ஸ்கூபா பற்றி உன் மகன் கேட்டிருந்தான். நான் செய்யவில்லை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேனே. அவன் தாராளமாகச் செய்யட்டும், ஆனால் கடைசி நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆழத்தில் முங்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. பேரனுக்குப் பத்து வயது நிரம்பவில்லை, அதனால் அவனுக்கு ஸ்கூபா கிடையாது. அவனை உன்னோடு வளையத்தில் சேர்த்துக்கொள்.

அண்ணனுக்கு ராதாநகர் கடற்கரை. அதுவும் ஹேவ்லாக்தான், மேற்கு பார்த்த கரை. ஓரத்தில் வானுயர்ந்த மரங்கள், நிழலில் பெஞ்சுகள், மணல் மாவு மாதிரி. அலை சின்னது, அவர் முழங்கால் வரை நனைக்கலாம். நீச்சலுக்கு விட்டிருக்கும் பகுதிக்கு வெளியே மட்டும் போகாதீர்கள். உவர்நீர் முதலைகள் உள்ள தீவுகள் அவை, எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதிக்க வேண்டும். சூரியன் மறைவதைப் பார்க்க ஐந்து மணிக்கே மணலில் இருங்கள். நம் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 15 பாகை கிழக்கே போகிறோம், ஒரு பாகைக்கு 4 நிமிடம் முந்திச் சூரியன் மறையும், கடிகாரம் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒன்றே. அதனால் இங்கே ஆறேகாலுக்கு மேல் சாயும் சூரியன் அங்கே ஐந்தேகால் தாண்டியதும் போய்விடுகிறது. இந்தக் கணக்கை எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்! கடலுக்கு மேல் அது நடப்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தீவில் மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளில் ராஜன் என்ற யானை கடலில் நீந்துவதற்குப் பேர் பெற்றது. 2016-ல் இறந்துவிட்டது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் இறங்கும் யானைகளையே பார்த்த நமக்கு, யானை கடலில் நீந்தியது என்றால் நம்பக் கூடக் கஷ்டம்.

நீல் தீவில் இயற்கைப் பாலம் இருக்கிறது. கடல் குடைந்த பாறை வளைவு. தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் அதன் அடி வரை போக முடியும். குட்டைகளில் நண்டும் கடல் அட்டையும் குட்டி மீன்களும் தேங்கி நிற்கும். பாறை வழுக்கும், அண்ணன் மூட்டுக்கு அது ஆகாது, அவரைக் கரைக் கடையில் இளநீரோடு உட்கார வை. ஓத நேரம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப் போகும், ஆகவே முதல் நாளே படகுக்காரரிடம் கேட்டுக்கொள். நாங்கள் கேட்காமல் போய், முதல் தடவை பாலத்தை இடுப்பளவுத் தண்ணீருக்கு அப்பாலிருந்து பார்த்துத் திரும்பினோம்.

அதற்குக் காரணம் பயண ஏற்பாட்டாளர் போட்டுக் கொடுத்த பட்டியல். ஐந்து நாளில் பதினான்கு இடம். வேனிலும் படகிலும் ஏறி இறங்கியே இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் என் மருமகள் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டாள், நல்ல பெண். ஹேவ்லாக்கில் மூன்று நாள், நீலில் ஒன்று, தலைநகரில் ஒன்று என்று உன் மகனிடம் சொல். மே கடைசிக்குள் தென்மேற்குப் பருவமழை அங்கே தொட்டுவிடும், அதற்கு முன் கடல் கொந்தளிக்கவும் தொடங்கலாம். ஏப்ரலில் போவதே சரி.

போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஆங்கிலேயர் கட்டிய செல்லுலார் சிறைக்குப் போகாமல் வந்துவிடாதே. 1906-ல் கட்டி முடித்தது. சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல ஏழு வரிசைக் கட்டடம், இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு வரிசையின் முகம் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள், கைதிக்குக் கைதி முகம் தெரியக் கூடாதென்று. அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை, நீயே போய் நின்று பார்.

அங்கிருந்து வந்ததும் கிருஷ்ணகிரியில் ஒரு கண்ணாடியும் குழாயும் வாங்க அலைந்தேன், கிடைக்கவில்லை. மகன் பெங்களூரிலிருந்து இரண்டு செட் வாங்கி வந்தான். ஒன்று உனக்கு. வரும் ஞாயிறு காலை பஸ் ஏறி வா. எங்கள் கிணற்றில் தண்ணீர் எட்டாம் படியில் நிற்கிறது, தெளிவாக இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் முகத்தை வைத்து மூச்சு விட்டுப் பழகினால் கடலில் பயம் இருக்காது. நான் பக்கத்திலேயே இருப்பேன். மாற்றுத் துணி கொண்டு வா. மதியத்துக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி