பாளை நூலகத்தில் கூடப் படித்தவர்களுக்கு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 கவுன்சிலிங்கில் இளநிலை உதவியாளர் பணி கிடைத்து வேலையிலும் சேர்ந்தாயிற்று. தனித்தனியாக போன் போட்டால் யாராவது விட்டுப்போவீர்கள், அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2024 குரூப் 4-க்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். நாமும் அதே தேர்வைத்தான் எழுதினோம், நம்மில் சிலர் ஒரே இடஒதுக்கீட்டுப் பிரிவும்கூட. ஒருவர் ஒரு கேள்வி கூடுதலாகப் போட்டால் இன்னொருவரின் ரேங்க் எங்கோ போய்விடும். அது தெரிந்தும் யாரும் நோட்டை ஒளித்து வைத்ததில்லை. "உனக்குச் சொல்லிக் கொடுத்து அவங்களுக்கு என்ன லாபம்?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.

கணக்குச் சொல்லிக் கொடுத்த மேக்ஸ் அண்ணனை முதலில் சொல்ல வேண்டும். திறனறிவில் 25 கேள்வி, எனக்குக் கூட்டுவட்டி என்றாலே கை நடுங்கும். கடையில் வேலை முடித்து வந்த களைப்போடு உட்கார்ந்து, நான் ஃபார்முலா இல்லாமலே போடுகிற வரை விடமாட்டார். பதிலுக்கு அவருக்குப் புணர்ச்சி விதியும் இலக்கணக் குறிப்பும் நான் சொல்லிக் கொடுத்தேன், தமிழில் 100 கேள்வி ஆயிற்றே! ஆறாவது முதல் பத்தாவது வரை பாடப்புத்தகங்களை நாங்கள் இரண்டு பேரும் புரட்டிய புரட்டில் அட்டையெல்லாம் தனியாக வந்துவிட்டது (நூலகர் ஐயா, திட்டாமல் ஒட்டிக் கொடுத்ததற்கும் நன்றி).

அப்புறம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அக்கா. தனக்கு வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்து மாதிரித் தேர்வு வைத்தவர். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பத்தாவது வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்கி வை, ரிசல்ட் வந்த பிறகு அலையாதே என்று விரட்டியவரும் அவர்தான். நான் படித்த தொடக்கப் பள்ளியை மூடியே விட்டார்கள். அதற்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதையும் அவரே விசாரித்துச் சொன்னார். இதெல்லாம் எந்தக் கோச்சிங் சென்டரிலும் சொல்லித் தருவார்களா, தெரியவில்லை.

வட்டம் நிரப்பி விடை குறிக்கிற ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து வந்து, மொபைலில் மூன்று மணி நேரம் வைத்து எங்களை மிரட்டிய தம்பிக்கு இந்த முறை வரவில்லை. கொஞ்சத்தில் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தம்பி, என் தமிழ் நோட்டு மொத்தமும் நூலகர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன், நீ முதலில் எடுத்துக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவேன், தமிழ்க் கேள்வித்தாள் என் பொறுப்பு. ஜெராக்ஸ் மட்டும் நீ பார்த்துக்கொள்.