பிரிகேடியர் உஸ்மானுக்கு ஒரு முழுப் பக்கம்: பாடநூல் குழுவினருக்குத் திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த 1947-48 காஷ்மீர்ப் போர் குறித்த பாடத்தை நீங்கள் அடுத்த முறை திருத்தி எழுதும்போது, பிரிகேடியர் முகமது உஸ்மானுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அவருடைய பெயர் வரும் இடங்களிலெல்லாம் மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வரி பொய்யன்று. ஆனால் அதோடு நின்றுவிடுவதால், அவர் எப்படிப்பட்ட காலாட்படைத் தளபதி என்பது மாணவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

1912-இல் பிறந்து, சான்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, பலூச் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர் அவர். பிரிவினையின்போது அந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கே உயர்பதவிகள் காத்திருந்தும் இந்தியாவிலேயே இருக்க முடிவெடுத்து, டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாறினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தம்மோடு உண்டு உறங்கிய வீரர்களையும் தோளில் தாங்கிய சின்னத்தையும் விட்டுப் பிரிவது ஒரு படைவீரருக்கு எத்தகைய இழப்பு என்பதையும் மாணவர்கள் உணர வேண்டும்.

1947 டிசம்பர் கடைசி வாரத்தில், அவர் தலைமையேற்ற 50-வது பாராசூட் பிரிகேடு என்னும் படைப்பிரிவின் பொறுப்பில், ஜம்மு பகுதியில் இருந்த ஜாங்கர் எதிரிகளிடம் வீழ்ந்தது. மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் கூடும் இடம் அது. வரைபடத்தில் காட்டினால் அதன் முக்கியத்துவம் மாணவருக்கு நொடியில் விளங்கும். ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி பூண்ட உஸ்மான், அந்த மலைக் குளிரில் தரையில் பாய் விரித்தே உறங்கினார். 1948 பிப்ரவரி 6 அன்று அதே பகுதியில் உள்ள நவ்ஷேரா ஊரின் மீது தொடுக்கப்பட்ட பெருந்தாக்குதலை அவருடைய படை முறியடித்தது. நாயக் ஜதுநாத் சிங், நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் பெறக் காரணமான தைந்தார் சண்டை நடந்ததும் அன்றுதான். மார்ச் 18 அன்று ஜாங்கர் மீட்கப்பட்டது. பிரிகேடு தலைமையகத்தில் கட்டில் ஒன்றுகூட இல்லாததால், பக்கத்துக் கிராமத்தில் இரவல் வாங்கி வந்த கட்டிலில்தான் அன்றிரவு அவர் படுத்தார்.

வகுப்பில் இதைச் சொன்னபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "பெரிய அதிகாரிக்கே கட்டில் இல்லையா, சார்?" என்று கேட்டான். போர்க்களத்தின் வறுமையும் தலைமையின் பொருளும் அந்த ஒரு கேள்வியில் அவனுக்குப் பிடிபட்டதை நான் நேரில் கண்டேன். தேதிகளை மட்டும் அடுக்கிய எந்தப் பாடமும் அவனை அப்படி எழுந்து நிற்க வைத்ததில்லை.

நவ்ஷேராவில் பெற்றோரை இழந்து நின்ற சிறுவர்களைத் திரட்டி, 'பாலக் சேனை' என்று பெயரிட்டு, உணவும் கல்வியும் பயிற்சியும் கிடைக்கச் செய்தவரும் அவரே. குண்டுகள் பறந்த நேரத்தில் அச்சிறுவர்கள் செய்தி கொண்டு ஓடினார்கள். அவர்களில் மூவருக்குப் பிரதமர் நேரு தங்கக் கைக்கடிகாரம் பரிசளித்தார். சிறுவர்களைப் போர்முனையில் ஈடுபடுத்தியது சரியா என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். கேட்கட்டும், அந்தக் கேள்விக்கு அஞ்சி இச்செய்தியை விட்டுவிட வேண்டாம்.

1948 ஜூலை 3 அன்று ஜாங்கரிலேயே பீரங்கிக் குண்டு அருகில் விழுந்து அவர் உயிர் நீத்தார். முப்பத்தாறாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன. அந்தப் போரில் களத்தில் உயிரிழந்த இந்திய அதிகாரிகளில் மிக உயர்ந்த பதவி வகித்தவர் அவரே. மறைவுக்குப் பின் அவருக்கு, பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலை விருதான மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

டெல்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தை ஒட்டி அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் படத்தோடு, நவ்ஷேராவையும் ஜாங்கரையும் காட்டும் ஒரு வரைபடத்தையும் சேர்த்து, அந்த இரவல் கட்டிலின் கதையை விடாமல் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்