நூலக வரி கட்டுறோம், அது நூலகத்துக்கு நேரத்துக்கு போய் சேரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வீட்டு வரி கட்ட போனேன், ரசீதை வாங்கி பாத்தா வீட்டு வரிக்கு கீழ நூலக வரின்னு தனியா போட்டிருக்கு, இத்தன வருஷமா கட்டுறேன் இப்பதான் கண்ணுல பட்டுது. வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா வீதம். 400 ரூபா வீட்டு வரின்னா 40 ரூபா நூலகத்துக்கு. அப்படியே கிளை நூலகத்துக்கு போயி நூலகர் மேடம்கிட்ட கேட்டேன். 1948ல வந்த பொது நூலகச் சட்டத்துல உள்ள வரிதான் இது, ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி எல்லாம் வசூல் பண்ணி மாவட்டத்துல பொது நூலகங்கள நடத்துற மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பணும்னு சொன்னாங்க.

எனக்க மவ குரூப் 4க்கு படிச்சது முழுக்க அந்த கிளை நூலகத்துலதான். நான் வீட்டுல தையல் தைக்கிறவ, மிஷின் சத்தத்துல பிள்ளைக்கு படிக்க முடியாது, கோச்சிங் சென்டருக்கு கட்ட பணமும் கிடையாது. ஒரு மேசை, ஒரு ஃபேன், அன்னைக்குள்ள பேப்பர், பழைய வினாத்தாள் புத்தகம், இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்துது, அது அங்க இருந்துது. அவ மட்டும் இல்ல, ரப்பர் பால் வெட்ட போற ஒரு அண்ணன் வெட்டு முடிச்சு ஷீட் அடிச்சு போட்டுட்டு நேரா அங்க வந்து பேப்பர் படிப்பாரு, எந்த திட்டத்துக்கு எப்ப மனு போடணும்னு எங்களுக்கெல்லாம் அவருதான் சொல்லுவாரு.

ஆனா எங்க ஊருக்குள்ளயே ஒரு நூலகம் உண்டு. 2006ல ஊராட்சிகளுக்காக மாநில அரசு ஆரம்பிச்ச அண்ணா மறுமலர்ச்சி திட்டத்துல கட்டினது. கட்டிடம் வந்துது, புத்தகம் வந்துது, முதல்ல கொஞ்ச வருஷம் பிள்ளைங்க எல்லாம் படிக்க போனாங்க, இப்ப பூட்டு தொங்குது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆடி சாரலும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, பூட்டி கிடக்குற அறையில புத்தகம் எத்தன நாளு தாங்கும், ஜன்னல் வழியா பாத்தேன், கீழ் அலமாரி முழுக்க கரையான். மனசு தாங்கல. கட்டிடம் கட்ட ஒரு தடவ காசு வந்துட்டு, தினமும் கதவ திறக்குற ஆளுக்கு ஒழுங்கான சம்பளம், கரண்டு பில்லு, புது புத்தகம் இதுக்கு வருஷா வருஷம் வரணும்ல, அதுதான் வரல.

1956ல தமிழ்நாட்டோட சேருற வரைக்கும் நாம திருவிதாங்கூர்லயும், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியிலயும் இருந்தவங்க. எங்க அப்பா கடைசி வரைக்கும் நூலகத்த மலையாளத்துல சொல்ற மாதிரி வாயனசாலைன்னுதான் சொல்லுவாரு. 1945லேயே பி.என். பணிக்கர் அங்கங்க கிடந்த சின்ன சின்ன வாயனசாலைகள ஒண்ணு சேத்து சங்கம் ஆக்கினாரு, அதுல இருந்து வளந்து இன்னைக்கும் களியக்காவிளை தாண்டி கேரளாவுல பாறசாலை பக்கம் போனா ஊர்க்காரங்க நடத்துற நூலகத்துக்கு கேரள லைப்ரரி கவுன்சில் நேர்ல வந்து பாத்து கிரேடு போட்டு வருஷா வருஷம் கிராண்ட் கொடுக்குது. அடுத்த வருஷமும் பணம் வரும்னு தெரிஞ்சாத்தானே ஊர்க்காரங்களும் துணிஞ்சு முன்னால வருவாங்க.

நமக்கும் வழி இல்லாம இல்ல. 1972ல இருந்து கொல்கத்தாவுல ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இருக்கு, மத்திய அரசோடது. மாநிலம் தன் பங்க போட்டா அதுக்கு ஏத்த மாதிரி அவங்களும் பங்கு போடுவாங்க, புத்தகம் வாங்க, கட்டிடம் கட்ட எல்லாம். நம்ம பக்கத்து பங்கு குறைஞ்சா அங்கேருந்து வர்றதும் குறையும். அதனாலதான் இந்த 10 பைசாவ நான் சின்ன விஷயமா நினைக்கல.

நான் கேக்குறது ரெண்டு காரியம். நம்ம மாவட்டத்துல 95 ஊராட்சி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் இந்த வருஷம் நூலக வரி எவ்வளவு பிரிஞ்சுது, எவ்வளவு, எந்த தேதியில ஆணைக்குழுவுக்கு போச்சுன்னு நோட்டீஸ் போர்டுல எழுதி போடணும், கிராம சபையில வாசிக்கணும். அப்புறம் பூட்டி கிடக்குற ஊராட்சி நூலகங்கள திறக்க ஒரு ஆளுக்கு மாச சம்பளம் ஒதுக்கணும், சாயங்காலம் 4 மணில இருந்து 7 மணி வரைக்கும் திறந்தா கூட போதும். எங்க ஊரு நூலகத்த திறக்கிறோம்னு சொன்னா தூத்து துடைக்க நானும் எனக்க மவளும் வர்றோம், புத்தகத்த வெயில்ல காய வைக்க தெருவுல இன்னும் நாலு பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்