முஹரக்கிலிருந்து அம்மாவுக்கு

சேசு மரி சூசை

முஹரக், பஹ்ரைன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, தங்கச்சி, அப்பத்தா எல்லாரும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். பாம்பன் மச்சான் லீவில் வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேச முடியாததா என்று கேட்பாய். ரூமில் எட்டுப் பேர். நான் இருமினாலே ஏன் இருமினாய் என்று கேட்க ஆள் இருக்கிறது. நீயும் போனை எடுத்தால் "சாப்பிட்டியா, மீன் பட்டுச்சா" என்ற இரண்டைத் தாண்டி வர மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சியை நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல், அவள் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி ஓடுவாள்.

முதலில் உன் பயத்துக்குப் பதில். நான் எந்தச் சபைக்கும் மாறவில்லை. மாதாவை விடவில்லை. நீ கழுத்தில் போட்டு அனுப்பிய செபமாலை கழுத்தில்தான் கிடக்கிறது, உப்புத் தண்ணீரில் சிலுவை மட்டும் கறுத்துவிட்டது. "உன் மகன் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுப் பேசுறான், பைபிள் வாசிக்கிறான்" என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். அதைக் கேட்டு நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கச்சி சொன்னாள். குடிக்கிறான் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாய் போல.

அதை விளக்குவதற்கு முன்னால் இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாயே. நம்மைப் போல இவர்களும் தீவுக்காரர்கள். நமக்குப் பாம்பன் பாலம் மாதிரி இவர்களுக்குச் சவூதிக்குப் போக 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம், 1986-ல் திறந்தது. கடல் ஆழமில்லை, உப்பு மட்டும் நம் கடலைவிட அதிகம். கோடையில் காற்றே ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டும். லாஞ்சில் எங்கள் வேலை கம்பிக்கூடு இறக்குவது. நம் பக்கம் வைக்கும் கூடுதான், இது கவிழ்த்த சட்டி வடிவத்தில் ஆள் உயரம் இருக்கும். கர்கூர் என்கிறார்கள். ஓரா, களவா, பாறை மீன்கள் படும். நாம் குழம்புக்குக்கூட யோசிக்கும் ஓராவுக்கு இங்கே அடிதடி. களவாவை ஹமூர் என்று சொல்லித் தங்கம் மாதிரி விற்கிறார்கள்.

இந்த முஹரக்கில் முத்துக் குளித்தவர்களின் பழைய வீடுகள் இருக்கின்றன. 2012-ல் யுனெஸ்கோ அவற்றைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. முத்துக் குளித்த காலத்தில் குடிதண்ணீரைக் கடலுக்கு அடியிலிருந்தே எடுப்பார்களாம். அடியில் நல்ல தண்ணீர் ஊற்று, தோல் பையோடு முங்கிப் பிடித்து வருவார்கள். எனக்கு நம் தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தம்தான் ஞாபகம் வந்தது. சுற்றிலும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். இதை வைத்து உபதேசியார் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்துவிடுவார். நான் செய்ய மாட்டேன், பயப்படாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரில் இருந்தவரை எனக்குச் சாமி என்றால் ஊரோடு சேர்ந்த சாமி. கோயில் மணி அடித்தால் எழுந்திருப்போம். சந்தியாகப்பர் திருநாளுக்குக் கொடி ஏறினால் புதுச் சட்டை. கடலுக்குப் போகும்போது சிலுவை போட்டுக்கொள்வோம். பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். வராமல் எப்படிப் போகும்? 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ் தெரியாமலே தமிழில் மந்திரங்களை மனப்பாடம் செய்து, தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து நம் கடற்கரைக்கு அதுதானே பாடம். அதை நான் குறை சொல்லவில்லை அம்மா. அந்த மந்திரங்கள் இல்லையென்றால் இங்கே வந்த புதிதில் எனக்கு ஒரு பிடிமானமும் இருந்திருக்காது. மனசு மரத்துப்போய்க் கிடக்கும்போது வாயாவது அவரிடம் போகிறதே.

ஆனால் இங்கே ஊர் இல்லை. மணி இல்லை. கடலில் இருந்தால் பூசையும் இல்லை. தலைநகர் மனாமாவில் திரு இருதய ஆண்டவர் கோயில் இருக்கிறது. அரசர் கொடுத்த நிலத்தில் 1939-ல் கட்டியது. தமிழ்ப் பூசையும் உண்டு. ஆனால் கரையில் இருக்கும் வெள்ளிக்கிழமைதான் போக முடிகிறது. மற்ற நாளில் என்னை எழுப்பிக் கோயிலுக்குத் துரத்த நீ இல்லை, வரவில்லை என்று பார்க்கப் பக்கத்து வீடு இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் எனக்கும் அவருக்கும் என்ன பேச்சு இருக்கிறது என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. பரலோக மந்திரம் சொல்லி முடித்ததும் பேச விஷயம் தீர்ந்துவிட்டது.

பேச்சு தொடங்கியது சண்டையில்தான். நம் படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப் போனதே, அந்த விஷயம். அந்தக் கடனுக்காகத்தான் நான் இங்கே, அப்பா இன்னொருத்தர் படகில் கூலிக்கு. ஒரு ராத்திரி கூடு இறக்கிவிட்டுப் படுத்திருந்தபோது, "உமக்கு எங்கள் படகு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே. ஸ்டியரிங் பிடித்திருந்த வங்காளதேசத்துப் பையன் தன்னைத் திட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். இடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. அப்புறம் நிறையக் கேட்டேன். எல்லாம் கேட்டு முடித்துத் தூங்கிப்போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் கோபப்படவில்லை. சங்கீதம் 13-ஐயும் 88-ஐயும் வாசித்துவிட்டு வா என்றார். வாசித்தேன். 13 "எவ்வளவு காலம் ஆண்டவரே, என்னை மறந்தே போனீரா" என்று தொடங்குகிறது. 88 அதைவிட மோசம், புலம்பல் புலம்பலாகப் போய்க் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. இதையும் செபம் என்று பைபிளில் வைத்திருக்கிறார்கள்! மாற்கு 4-ல் புயல் அடிக்கும்போது சேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், சீடர்கள் எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார்கள். அதில் நம் சந்தியாகப்பரும் இருந்திருப்பார், பைபிளில் யாக்கோபு என்று வருகிறவர். அவரும் நம் ஆள்தானே, தன் அப்பாவோடு படகில் வலை சரிசெய்துகொண்டு இருந்தபோது கூப்பிடப்பட்டவர். கடல்காரன் செபம் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அதிலிருந்துதான் மொட்டை மாடி. மத்தேயு 6-ல் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தந்தையிடம் வேண்டு என்கிறார். எட்டுப் பேர் ரூமில் கதவு எங்கே இருக்கிறது, பாத்ரூமைத் தவிர? அதனால் விடியுமுன்னே எழுந்து மாடிக்குப் போகிறேன். அங்கே எனக்கு முன்னாலேயே தொண்டிக்கார பாய் ஒருவர் சுபுஹு தொழ வந்திருப்பார். அவர் மக்கா இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார். எனக்குத் திசை கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொள்வேன். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. ஆனால் நான் வராத அன்றைக்கு "என்ன தம்பி, இன்னிக்கு லேட்டா?" என்று கேட்பார். ஒழுங்கு என்றால் என்ன என்பதை அந்த மனுஷரிடம்தான் பார்க்கிறேன். உடம்பு சரியில்லாத நாளிலும் அவர் விட்டதில்லை.

அங்கே என்ன செய்கிறேன் என்று கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை. சுவிசேஷத்தில் கொஞ்சமாக ஒரு பகுதி வாசிப்பேன். அதில் யார் என்ன சொன்னார்கள், நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று யோசிப்பேன். அப்புறம் வீட்டு விஷயம், கடன், கபீல், அதாவது இங்கே எங்கள் முதலாளி, சம்பளம் தள்ளிப்போடுவது, தங்கச்சி படிப்பு எல்லாம் சொல்வேன். கடைசியில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நீ மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்தால் அது என்ன பேச்சு என்று சாமியார் கேட்டார், அதனால் இருக்கிறேன். ராத்திரி படுக்கும்போது காலையிலிருந்து நடந்ததை ஒருமுறை திரும்பிப் பார்த்து, எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்குவது. ஆன்ம சோதனை என்று புதுநன்மை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்.

முக்கால்வாசி நாள் ஒன்றும் தோன்றாது அம்மா. கொசு கடிக்கும், தூக்கம் வரும், ஓராவுக்கு என்ன விலை போகும் என்று மனசு ஓடும். இங்கே சிலர் "ஆண்டவர் இன்றைக்கு என்னிடம் சொன்னார்" என்று சம்பள உயர்வு முதல் மழை வரைக்கும் சொல்கிறார்கள். என்னிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொள்ளவும் எனக்குப் பயம். அவர் பேசுவது என் ஆசைக்குத் தோதாகவே எப்போதும் இருந்தால், பேசுவது நான்தான். எனக்கு அடையாளம் என்று ஒன்று உண்டென்றால், முன்பெல்லாம் எரிந்து விழும் இடத்தில் இப்போது ஒரு மூச்சு விட்டுப் பேசுகிறேனா என்பதுதான். மச்சானைக் கேட்டுப் பார், அவன் உண்மையைச் சொல்வான்.

ஒரே ஒரு இடம் மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். யோவான் 21. சேசு உயிர்த்த பிறகு இராயப்பர், அதுதான் பேதுரு, "மீன் பிடிக்கப் போறேன்" என்று கிளம்புகிறார். ராத்திரி முழுக்க ஒன்றும் படவில்லை. விடியற்காலம் கரையில் ஒருவர் நின்று, பிள்ளைகளே, மீன் ஒன்றும் படவில்லையா என்று கேட்கிறார். அப்புறம் கரை ஏறினால் கரி அடுப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பம் இருக்கிறது. சாப்பிட வாருங்கள் என்கிறார். மூன்று தரம் மறுதலித்தவர் இராயப்பர். அவரிடம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்பது சாப்பிட்டு முடித்த பிறகுதான். மீன் பட்டுச்சா, சாப்பிட வா. அம்மா, நீ போனில் கேட்கிற அதே இரண்டு கேள்வி! மாடியில் தனியாகச் சிரித்தேன். பாய் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இனி நீ அந்த இரண்டோடு போனை வைத்தாலும் நான் குறைபட மாட்டேன்.

இங்கே அவாலி என்ற இடத்தில் 2021 டிசம்பரில் அரேபியா மாதா பேராலயம் திறந்தார்கள். மறு வருஷம் நவம்பரில் போப் பிரான்சிஸ் வந்தபோது அங்கேயும் போனார். கூடார வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள், மோயீசன், அதாவது மோசே, காலத்துச் சந்திப்புக் கூடாரம் மாதிரி. யாத்திராகமம் 33-ல், ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவது போல ஆண்டவர் மோயீசனோடு பேசினார் என்று வருகிறது. மாதா படத்தை உனக்கு வாங்கி வைத்திருக்கிறேன், மச்சான் பையில் இருக்கிறது. சட்டைகளுக்கு நடுவே தேடு.

காசு இந்த மாதம் பாதிதான் போடுவேன், மீதி அடுத்த மாதம். வட்டிக்காரரிடம் முதலில் கொடு. அப்பா முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பாசி எடுக்கப் போகும்போது விரலில் துணி சுற்றிக்கொண்டு போ, போன தடவை வீடியோவில் உன் கையைப் பார்த்தேன்.

இன்னொன்று. படகு திரும்பி வந்தால் சந்தியாகப்பருக்கு என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி என்று நேர்ந்திருந்தாய். படகு வரவில்லை. ஆனாலும் அந்தத் திருநாளுக்குக் கடன் வாங்கி மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் வைத்தாய். அப்பா திட்டினார், நானும் உன்னோடு பேசவில்லை. பீடத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தாய், உதடு அசைந்துகொண்டே இருந்தது. அது மந்திரம் இல்லை, எனக்கு மந்திரத்துக்கு உன் உதடு எப்படி அசையும் என்று தெரியும். அன்றைக்கு அவரிடம் என்ன சொன்னாய் அம்மா? தங்கச்சியிடம் எழுதச் சொல்லாதே, வெட்கப்பட்டுப் பாதியை விட்டுவிடுவாய். மச்சான் போனை வாங்கி வாய்ஸ் மெசேஜில் பேசு, நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. மாடியில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

மச்சான் திரும்பி வரும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்து விடு. இரண்டு கவரில் போட்டு நன்றாகக் கட்டு, வாசம் வந்தால் அவன் வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவான்.

இப்படிக்கு
உன் மூத்த மகன்